எக்ஸ்ரே காணாத வலி

மதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் நாற்கரச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமங்கலத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், மழை தூறிய சாலையில் வண்டி சறுக்கியோ, வரப்பில் கால் இடறியோ, தை பிறந்ததும் அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போய் மாட்டின் திமிலைத் தவறவிட்டோ கீழே விழுகிறவர்கள் யாராயிருந்தாலும், யோசனைக்கு இடமில்லாத அந்தக் கணத்தில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முகம் தரையில் மோதாதபடி கையை நீட்டி உள்ளங்கையை ஊன்றிவிடுகிறார்கள். விழுந்த உடம்பின் வேகமும் பாரமும் மணிக்கட்டில் வந்து இறங்குகின்றன. வீங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "எலும்பு முறியவில்லை" என்ற நல்ல சொல் கிடைக்கிறது. கிரேப் பேண்டேஜும் மாத்திரையும் பெற்று வீடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வீக்கத்தோடு வலியும் போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் போவதில்லை.

இந்தச் சிலருடைய வலிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கை சும்மா இருக்கும்போது அது இருப்பதே தெரியாது. ஈரத் துணியை முறுக்கிப் பிழியும்போதும், ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகும்போதும், தரையில் உட்கார்ந்தவர் உள்ளங்கையை ஊன்றி எழுந்திருக்கும்போதும், சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று குத்தும். திருமங்கலத்தைக் கடந்து போகும் பிரயாணிகள் இரவில் வண்டியை நிறுத்திச் சாப்பிடும் சாலையோரக் கடைகளில், பரோட்டா மாஸ்டரின் கையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, அதன் ஓரத்தை விரல்களால் பற்றித் தூக்கி மேடையின்மேல் வீசும் ஒவ்வொரு வீச்சிலும், கவிழ்ந்திருந்த உள்ளங்கை புரண்டு மேல்நோக்கி வந்து மறுபடி கவிழ்கிறது. மாவின் ஊடே அடியிலுள்ள மேடை தெரியும்வரை இது ஓய்வதில்லை. இப்படிப்பட்ட தொழிலாளி ஒருவர் ஆறு மாதங்களுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை எடுத்த எக்ஸ்ரேயும் பழுதில்லை என்கிறது. புத்தூர்க் கட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று. பற்றும் ஒத்தடமும் ஆயிற்று. வேலைக்குப் போக மனமில்லாதவனுக்கு வலி ஒரு சாக்கு என்று வீட்டிலேயே பேச்சு எழுகிறது. எலும்பு முறியாத இடத்தில் வலிப்பது எது?

ஜெர்மனியில் ரான்ட்கன் 1895-ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தவுடன் அதைக் கொண்டு எடுத்த புகழ்பெற்ற முதல் மனிதப் படம் ஒரு கையின் படமே. அவர் மனைவியின் விரலெலும்புகளும் அவற்றைச் சுற்றிய மோதிரமும் அதில் தெரிந்தன. அன்று முதல் இன்று வரை இந்தக் கிரணத்தின் இயல்பு மாறவில்லை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு அதைத் தடுத்துப் படத்தில் வெண்மையாக விழுகிறது; நீரும் நாரும் குருத்தெலும்புமான மற்றவற்றை அது ஏறத்தாழத் தடையின்றிக் கடந்துபோய்விடுகிறது. ஆகவே மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் சந்துகள் காலியிடங்கள் அல்ல. எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்து, முன்கையின் இரண்டு எலும்புகளோடு கூடிப் பல திசைகளிலும் அசைகிற இந்த மூட்டை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவை, எலும்பை எலும்போடு கட்டும் இணைப்பு நார்களும் குருத்துத் தகடுகளுமே. அவையெல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கின்றன. 'முறியவில்லை' என்று படம் சொல்வது மெய். 'ஒன்றுமில்லை' என்று நாம் அதற்குப் பொருள் செய்துகொள்வதுதான் பிழை.

முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. உள்ளங்கையைக் கவிழ்த்து நிமிர்த்தும்போது அல்னா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்க, ஆரை எலும்பு கையையும் இழுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் புரள்கிறது. இவ்வாறு சுற்றுவதற்கு இடம் வேண்டியிருப்பதனால் அல்னாவின் நுனி மணிக்கட்டுச் சிற்றெலும்புகளை நேரே தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே ஒரு மெல்லிய தகடு முக்கோண வடிவில் விரிந்து, ஒரு பக்கம் ஆரை எலும்பின் விளிம்பிலும் மறுபக்கம் அல்னாவின் நுனியிலும் பற்றி நிற்கிறது. இதை முக்கோணக் குருத்துத்தட்டு என்று சொல்லலாம். அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ பால்மரும் பொறியாளர் வெர்னரும் 1981-இல் இதன் அமைப்பையும் தொழிலையும் விரிவாக எழுதிய பிறகே, வைத்தியர்களின் கவனம் இதன்மேல் முழுமையாகத் திரும்பியது.

நம் ஊர்த் திண்ணைகளிலும் சாலையோரக் கடைகளிலும் கிடக்கும் கயிற்றுக் கட்டில் இந்தத் தட்டின் இயல்பை நன்றாக விளக்கும். கட்டிலின் பலம் கயிற்றில் மட்டும் இல்லை; கயிறு நான்கு சட்டங்களிலும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதில் இருக்கிறது. நடுவே ஓர் இழை அறுந்தால் அந்த இடத்தில் முதுகு உறுத்துமே ஒழியக் கட்டில் தொய்ந்துவிடாது; ஓரக்கட்டு சட்டத்தை விட்டு அவிழ்ந்தாலோ, கயிறு ஒன்றுகூட அறாதிருந்தும் முழுக் கட்டிலும் தொளதொளத்துப் போகும். குருத்துத்தட்டின் நடுப்பகுதி பாரத்தைத் தாங்கும் மெத்தை மட்டுமே. அதன் ஓரங்கள் இரண்டு எலும்புகளையும் பிரிந்து போகாமல் பிடித்திருக்கும் கட்டு. எனவே கிழிந்தது எவ்வளவு என்பதைவிடக் கிழிந்தது எங்கே என்பதே முக்கியமான கேள்வி ஆகிறது. இதனோடு இன்னொரு சூட்சுமமும் சேர்ந்துகொள்கிறது. இத்தட்டின் ஓரத்திற்கு மட்டுமே இரத்தக் குழாய்கள் உண்டு, நடுப்பகுதிக்கு இல்லை. இரத்தம் பாயும் ஓரத்தைத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும். பாயாத நடுவை எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் ஒட்டாது. ஆகையால் ஓரக் கிழிசலைத் தைப்பதும், நடுக் கிழிசலில் தொங்கும் துணுக்குகளைச் செதுக்கி எடுத்துவிடுவதும் சிகிச்சையின் பொது விதியாயின.

இந்தத் தட்டு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை எப்படி அறிந்தார்கள்? பால்மரும் வெர்னரும் இறந்தோரின் கைகளில் எலும்பினூடே விசையளக்கும் கருவிகளைப் பொருத்தி, மணிக்கட்டை அழுத்தி அளந்து பார்த்து, 1984-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கையிலிருந்து முன்கைக்கு இறங்கும் பாரத்தில் 82 சதவீதம் ஆரை எலும்பிலும் 18 சதவீதம் அல்னாவிலும் இறங்கிற்று. பிறகு அல்னாவின் நீளத்தை வெறும் 2.5 மில்லிமீட்டர் கூட்டியபோது, 18-ஆக இருந்த பங்கு ஏறத்தாழ 42 சதவீதமாக உயர்ந்தது. அதே அளவு குறைத்தபோது 4 சதவீதத்திற்குச் சற்று மேலாகத் தாழ்ந்துவிட்டது. ஒரு பரோட்டாவின் கனம்கூட இல்லாத இந்த வித்தியாசம், இரட்டிப்புக்கும் மேலான பாரத்தை அந்த மெல்லிய தட்டின்மேல் ஏற்றிவிடுகிறது. பிறவியிலேயே அல்னா சற்று நீண்டவர்களுக்கு, விழாமலே அத்தட்டு தேய்ந்து போவது ஏன் என்பதும், சிலருக்குத் தட்டைச் சீர் செய்வதோடு நில்லாமல் அல்னாவைக் குறுக்கும் ரண சிகிச்சையும் வேண்டியிருப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

எக்ஸ்ரே காட்டாததை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டாதா என்று கேட்பீர்கள். பல சமயம் காட்டும். ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் கனமே உள்ள தகட்டின் கிழிசலை, அதிலும் ஓரத்துக் கிழிசலை, அது தவறவிடுவதும் உண்டு. கட்டு நெகிழ்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பதை அசையாத படத்திலிருந்து அநுமானிக்கத்தான் முடியும். பிரத்தியட்சமாகக் காண வேண்டுமானால் கண்ணை உள்ளே அனுப்ப வேண்டும். அந்தக் கண்ணுக்கு மூட்டகநோக்கி என்று பெயரிடலாம். ஆஸ்பத்திரிகளில் ஆர்த்ராஸ்கோப் என்றே வழங்குகிறது.

மூட்டுக்குள் பார்க்கும் ஆசை ஜப்பானில் வேர்கொண்டதற்கு ஒரு சமூகக் காரணம் சொல்வார்கள். காசநோய் தாக்கி முழங்கால் விறைத்துப் போனவர், தரையில் மண்டியிட்டு அமரும் வழக்கமுள்ள அந்த நாட்டில் வீட்டிலும் சபையிலும் உட்காரவே முடியாமல் அவதிப்பட்டார்; சம்மணமிட்டு உண்ணும் நமக்கு அந்தத் துன்பம் எளிதில் புரியும். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும் உத்தேசத்தோடு, டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-இல், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட குழாயை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனாபே கருவிக்குமேல் கருவியாகச் செய்துகொண்டே போனார். அவருடைய 21-ஆம் எண் கருவி முழங்காலுக்கு நன்றாகப் பயன்பட்டதாயினும், அதன் நுனியில் எரிந்த சிறு பல்பு சில வேளைகளில் மூட்டுக்குள்ளேயே உடைந்துபோகும் அபாயம் இருந்தது. முழங்காலோ விசாலமான மூட்டு. நியூயார்க்கில் மைக்கேல் பர்மன் 1931-இல் சடலங்களின் பல மூட்டுகளிலும் ஆராய்ந்து, முழங்கையே இதற்கு மிகக் குறுகலானது என்று எழுதிவிட்டார். மணிக்கட்டின் சந்து அதனினும் குறுகலானது.

இரண்டு தடைகள் நீங்க வேண்டியிருந்தன: ஒன்று வெளிச்சம், மற்றொன்று பருமன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற இயற்பியலாளரும், பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்து அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த நரீந்தர் சிங் கபானியும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி அதன் வழியே பிம்பத்தைக் கடத்தும் முறையை 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்த இழைக்கற்றையால், சூடு தரும் விளக்கை வெளியே நிறுத்திக்கொண்டு ஒளியை மட்டும் உடம்புக்குள் அனுப்ப வழி பிறந்தது. பிறகு ஹாப்கின்ஸ் 1959-இல் இன்னொரு யுக்தி செய்தார். அதுவரை நோக்குகுழாய் என்பது காற்று நிறைந்த நீண்ட குழலில் ஆங்காங்கே சிறு கண்ணாடி வில்லைகளைப் பதித்ததாக இருந்தது. அவர் அந்த முறையைத் தலைகீழாக்கி, குழல் முழுவதையும் கண்ணாடித் தண்டுகளால் நிரப்பி, அவற்றினிடையே சிறு காற்றிடைவெளிகளை மட்டும் விட்டார். முன்னைக்குப் பன்மடங்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. அதே வெளிச்சத்தை இன்னும் மெல்லிய குழாயில் பெறவும் முடிந்தது. ஜப்பானிலோ வேறொரு வகைக் கண்ணாடி இழையைக் கொண்டு, 1970 அளவில் வதனாபே 1.7 மில்லிமீட்டர் பருமனுள்ள 24-ஆம் எண் கருவியை ஆக்கினார். அவரோடு உழைத்த சென் என்பவர் மணிக்கட்டையும் விரல் மூட்டுகளையும் உள்நோக்கிக் கண்டவற்றை 1979-இல் எழுதினார். வட அமெரிக்காவில் விப்பிள், ராத், போலிங் ஆகியோர் 1980களின் நடுவில் முறைகளை ஒழுங்குசெய்து பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே, இது வித்தை என்ற நிலையிலிருந்து மருத்துவம் என்ற நிலைக்கு வந்தது.

இனி அந்தக் குழாய் உள்ளே போகும் வழியைப் பார்ப்போம். உங்கள் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து, முன்கையின் புறப்பக்கத்தில் மணிக்கட்டை ஒட்டினாற்போல் மறு கை விரலால் தடவினால், ஆரை எலும்பின் நடுவே ஒரு சிறு மேடு தட்டுப்படும். அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் விரல்களை நோக்கி நகர்ந்தால் மெத்தென்ற ஒரு குழிவு தெரியும். அதுதான் முதல் வாசல். விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் கையின் புறத்தே ஆறு தனித்தனி அறைகளில் ஓடுகின்றன. மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடைப்பட்ட சந்து இது என்பதனால், வைத்தியர்கள் இதை மூன்று–நான்கு வாசல் என்றே குறிப்பிடுகிறார்கள். உள்ளங்கைப் பக்கத்தில் பெரிய தமனிகளும் முக்கிய நரம்புகளும் நெருங்கிக் கிடப்பதால், பெரும்பாலும் புறங்கை வழியாகவே நுழைகிறார்கள்.

சிகிச்சை பெறுகிறவர் மேஜையில் படுத்திருக்க, அக்குள் பகுதியில் ஊசி போட்டுக் கை முழுவதையும் மரத்துப் போகச் செய்வார்கள். முழங்கையை மடக்கி, விரல்களைப் பின்னல் உறைகளில் நுழைத்துக் கையை மேல்நோக்கித் தொங்கவிடுவார்கள். இழுக்க இழுக்க இறுகும் இயல்புடைய அந்த உறைகள் வழியாக ஐந்து கிலோ அளவிற்கு இழுவை கொடுத்ததும், மூட்டின் சந்து சில மில்லிமீட்டர் விரிகிறது. முதலில் ஓர் ஊசியைச் செலுத்தி உப்புநீரால் மூட்டை உப்பச் செய்வார்கள்; ஆரை எலும்பின் நுனி உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்திருப்பதனால் அந்த ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும், இல்லையேல் குருத்தெலும்பைக் கீறிவிடும். கத்தி வெட்டுவது தோலை மட்டுமே. தோலுக்குக் கீழே உணர்ச்சி நரம்பின் மெல்லிய கிளைகள் ஓடுவதால், அதன் பிறகு கூரில்லாத சிறு இடுக்கியால் சதையை விலக்கிக்கொண்டே உள்ளே இறங்குவார்கள். தீக்குச்சியைவிடச் சற்றே பருமனான, 2.7 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள நோக்கி ஒரு வாசலில் நுழைகிறது. நுனி வளைந்த ஒரு மெல்லிய கொக்கி மற்றொரு வாசலில் நுழைகிறது. திரையில் முத்து வெண்மையான குருத்தெலும்பும், அதன் ஓரத்தே முக்கோணத் தட்டும் தெரிகின்றன.

என் அபிப்பிராயத்தில் இந்தச் சிகிச்சையின் உயிர் குழாயில் இல்லை, அந்தக் கொக்கியில் இருக்கிறது. கட்டிலில் உட்காருமுன் கையால் அழுத்திப் பார்ப்பதைப் போலவே, வைத்தியர் கொக்கியின் நுனியால் தட்டை அழுத்திப் பார்க்கிறார். நல்ல தட்டு அழுத்தத்தை ஏற்று உடனே மீள்கிறது. ஓரக்கட்டு அவிழ்ந்த தட்டு மீளாமல் தொய்கிறது. சில வேளைகளில் மேலே ஒரு கீறலும் இராது. கண் மட்டும் போயிருந்தால் பழுதில்லை என்றே திரும்பி வந்திருக்கும். ஓரத்தைக் கொக்கியால் பற்றி இழுக்கும்போது அது எழும்பி வந்துவிட்டால்தான், அடியில் எலும்போடு இருந்த பிணைப்பு விட்டுப் போனது தெரியவரும்.

பிணைப்பு விட்டிருந்தால் அதே வாசல்களின் வழியே நூலைக் கொண்டுபோய்த் தட்டை அதன் இடத்தில் கட்டுகிறார்கள். அதன்பின் கை திரும்பாதபடி சில வாரங்கள் கட்டுப் போட்டு, பிறகு மெல்ல மெல்ல அசைவுப் பயிற்சி தர வேண்டும். பாரமான வேலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். நடுவில் கிழிந்ததைச் செதுக்கி மட்டும் விட்டவர்களுக்கு இத்தனை காத்திருப்பு இல்லை. 'தையல் இல்லை, தழும்பு இல்லை, மறுநாளே வேலை' என்று விளம்பரப் பலகைகள் சொல்லும்போது, உள்ளே கட்டிய நார் ஒட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் வெளியே தோலில் இட்ட துளையின் அளவைப் பொறுத்ததன்று என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நரம்புக் கிளை புண்பட்டு மரமரப்பு ஏற்படுதல், மூட்டு விறைத்தல் முதலிய தொல்லைகளும் அரிதாக வருவதுண்டு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதைத் தந்தவர் அன்றைய யுகோஸ்லாவியாவின் மிகிச் என்ற மருத்துவர். 100 சடலங்களிலிருந்து 180 மணிக்கட்டுகளைத் திறந்து, அவர் 1978-இல் எழுதிய கட்டுரையின்படி, இருபது வயதுக்குட்பட்டோரிடம் குருத்துத்தட்டில் ஓட்டையே காணப்படவில்லை; அதற்கு மேல் வயது ஏற ஏற ஓட்டைகள் பெருகி, அறுபதைக் கடந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தன. தலை நரைப்பதைப் போல் இதுவும் வயதின் காரியம். ஆகவே அறுபத்தைந்து வயதுப் பெரியவரின் ஸ்கேனில் ஓட்டை தெரிகிறது என்பதனாலேயே அவருடைய வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கில்லை. வலிக்கும் இடமும், வலியை எழுப்பும் அசைவும், உள்ளே கண்ட பழுதும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றி நல்ல வைத்தியர் கையைத் தொங்கவிட மாட்டார். கட்டும் ஓய்வும் பயிற்சியும் மூட்டுக்குள் போடும் ஊசியும் பயனளிக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்.

இந்த வாசல்கள் வேறு காரியங்களுக்கும் உதவுகின்றன. மணிக்கட்டின் புறத்தே புடைக்கும் நீர்க்கட்டியை அதன் வேர் தொடங்கும் இடத்திலிருந்தே அகற்றலாம். ஆரை எலும்பின் நுனி உடைந்து, மூட்டின் தளத்தில் படி விழுந்தவர்களுக்கு அந்தப் படியை நேரே பார்த்துச் சமன் செய்யலாம். இளவயதினரிடம் இப்படிப்பட்ட முறிவுகளை ஆராய்ந்து நிர்க், ஜுபிட்டர் என்ற இருவர் 1986-இல் எழுதியபடி, படி தங்கிவிட்ட மூட்டுகளில் 91 சதவீதம் பின்னாளில் தேய்ந்தன. சமமாக ஒட்டியவற்றில் தேய்ந்தவை 11 சதவீதம் மட்டுமே.

கை என்ற அவயவத்துக்கென்றே தனி வைத்தியம் வளர்வதில் தமிழ்நாடு முன்னணியில் நின்றது என்று சொல்வதில் மிகை இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டி நிமிர்த்தினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவு ஏழை எளியோருக்கு அரசாங்கச் செலவில் நுட்பமான சிகிச்சையைத் தந்தது. கோவையில் 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசபாபதியின் கை அறுவைத் துறைக்கு வெளிநாட்டு வைத்தியர்களும் கற்க வருகிறார்கள். ஆனாலும் திருமங்கலத்துத் தொழிலாளி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ அதற்கப்பாலோ போய்ச் சேருமுன் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் ஓரக் கிழிசலின் முனைகள் சுருங்கி, தையலுக்கு இணங்காத நிலையை அடைந்துவிடக்கூடும்.

முன்னே விவரித்தபடி மரத்துப்போன கையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதில் ஒரு குறை இருந்தது: வலிக்கும்போது கை செய்யும் அசைவை அந்தக் கையால் செய்துகாட்ட முடியாது. சுவீடனின் ஹேகெர்ட்டும் கனடாவின் லலோண்டும் 2012-இல் விவரித்த முறையில், மணிக்கட்டைச் சுற்றி மட்டும் மரத்துப் போகச் செய்யும் மருந்தை, இரத்தப் பெருக்கைக் குறைக்கும் அட்ரினலினோடு கலந்து செலுத்துகிறார்கள். ஆகையால் இரத்தம் பாயாதிருக்கப் புயத்தில் இறுக்கும் பட்டை வேண்டியதில்லை. உணர்ச்சி இராது, ஆனால் தசைகள் விழித்திருக்கும். தட்டைத் தைத்து முடித்ததும் நோயாளியையே கையைப் புரட்டச் சொல்கிறார்கள். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து நிமிர்த்தும்போது, கட்டிய இடம் நிற்கிறதா என்று வைத்தியர் பார்க்கிறார். நெகிழ்ந்தால் தோலை மூடுமுன்பே இன்னொரு நூலைக் கேட்டு வாங்குகிறார்.